வாரத்துக்கு இரண்டு தடவை அக்கா

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சிவசங்கருக்கு அறுபத்தொரு வயதில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய அப்பா செல்லக்கண்ணு கடைசி ஆறு வருஷம் மறதி நோயில் கிடந்துதான் போனார்.

தில்லை நகர் டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது எல்லாவற்றையும் பார்த்தார். "தினம் நடங்க. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க. மனுஷங்ககிட்ட பேசுங்க" என்றார்.

சிவசங்கர் யோசித்தார். மனைவி இல்லை. மகள் இளவேனில் கனடாவில். உள்ளூரில் மிச்சம் அக்கா வீராயி மட்டும். அப்பாவின் காரியம் முடிந்ததிலிருந்து, ஐந்து வருஷமாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்த வீராயி நிமிரவில்லை.

"என்னடா?"

டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப நான் உனக்கு மாத்திரையா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை நான் வந்து பேசினா போதும்க்கா."

"அவரு எனக்கும்தான்டா அப்பா. எனக்கு அந்த நோய் வராதா?"

சிவசங்கருக்கு அது தோன்றவே இல்லை. அக்காவுக்கு அறுபத்தாறு.

மறுநாள் அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு.

"இத்தனை நாள் பாத்துக்கவே இல்லையாம்மா?" என்றார் டாக்டர்.

"ஆறு வருஷம் எங்கப்பாவை விட்டுட்டு எங்க சார் நகர்றது? அப்புறம் அதே பழகிருச்சு."

டாக்டர் சிவசங்கரைப் பார்த்தார். சிவசங்கர் சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்தார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"கடைசி ரெண்டு வருஷம் என்னை சிவசங்கருன்னுதான்டா கூப்பிட்டாரு" என்றாள் வீராயி.

"நீ என்ன சொல்லுவே?"

"சொல்லுங்கப்பாம்பேன். வேற என்ன சொல்றது?"

ஸ்ரீரங்கம் வந்தது. இறங்கியதும் சிவசங்கர், "நாளையிலேருந்து காலையில நான் வந்து சோறாக்குறேன். நீ ஒரு மணி நேரம் நடந்துட்டு வா" என்றார்.

"உனக்கு ஆக்கத் தெரியுமா?"

"தெரியாது."

அம்மா மண்டபம் சாலையில் வீராயி தினமும் நடந்தாள். முதல் மாதம் முழுக்கச் சோறு குழைந்தது. அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.