ஏழாம் நம்பர்

போளூரிலிருந்து மலையேறிய பஸ்ஸில் கலைவாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மக்காச்சோளச் சோதனையின் கடைசி அறுவடை இன்றைக்கு. அவளே மகரந்தம் சேர்த்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம், ஏழாம் நம்பர், கடையில் விற்கிற ரகத்தைவிட இந்த மலையிலும் கூடுதல் எடை காட்டினால் பிழைக்கும். இல்லையென்றால் ஆராய்ச்சி நிலையத்தில் கழித்துக்கட்டிவிடுவார்கள். பெற்ற பிள்ளைக்குப் பரீட்சை என்றால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டாள்!

மலை விவசாயி மாதையனின் கொல்லைக்காட்டில் பத்து ரகங்கள், ஒவ்வொன்றும் மும்மூன்று பாத்தி. எது எங்கே என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காட்டுப்பன்றிக்கு வேலி, கிளிக்கு வலை, எல்லாம் போட்டிருந்தாள். வீட்டுக்கென்று ஒரு கதிர்கூட ஒடிக்கக் கூடாது என்று மாதையனிடமும் அவர் மனைவி அம்மாக்கண்ணுவிடமும் சத்தியமே வாங்கியிருந்தாள்.

போய்ப் பார்த்தால், ஏழாம் நம்பர் பாத்தியில் பாதித் தட்டை கதிரில்லாமல் மொட்டையாக நிற்கிறது. அடுத்த பாத்திக்கு ஓடினாள். அதுவும் மொட்டை. மூன்றாவதும் அப்படியே. மற்ற ரகங்களில் ஒரு கதிர் குறையவில்லை.

"யாரும்மா ஒடிச்சது?"

"இன்னாம்மா இப்படி கேக்குற? புதுக்கதிரு சாமிக்கு வெக்காம எப்படி அறுக்கறது? பச்சையிலயே ஊரு கூடி வந்து, நல்லா பருத்ததா பாத்து ஒடிச்சிப் படைச்சோம்," என்றாள் அம்மாக்கண்ணு பெருமையாக. "சத்தியம் பண்ணோமில்ல, எங்க வாயில ஒரு மணி படல. பங்காளிங்கதான் சுட்டுத் தின்னாங்க."

அடக் கடவுளே! கலைவாணி தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். தின்று தீர்த்ததை எந்தத் தராசில் போடுவது? இருக்கிற கதிரை மட்டும் நிறுத்தால் எடை விழும். குத்துமதிப்பாகக் கூட்டி எழுத மனம் வரவில்லை. எழுதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பெயரும் தெரியாமல் நம்பரும் தெரியாமல், ஊரே கூடி அவள் ரகத்தைத்தான் பொறுக்கியெடுத்திருக்கிறது.

"அடுத்த வருசம் இந்த வெதையவே கொண்டாம்மா, மத்ததெல்லாம் வாணாம்," என்றார் மாதையன்.

"அடுத்த வருசம் இது இருக்காதுங்க. எடை காட்டலன்னா தள்ளிடுவாங்க."

அம்மாக்கண்ணு சிரித்தே விட்டாள். "சாமிக்கே குடுத்தத யாரும்மா தள்றது?"

கலைவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, தராசை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பர் பாத்திக்கு நடந்தாள்.