அட்ஜஸ்ட் ரப்பர்

மறைமலை நகரில் கார் சீட்டுக்கு பிராக்கெட் அடிக்கும் அந்த பிரஸ் ஷாப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். லீவு கேட்டால் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பெண்கள் கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சூப்பர்வைசர் உமேஷ் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான்.

பிரஸ் மிஷினில் இரண்டு பச்சை பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே நிற்கும் டை என்ற இரும்பு அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்கு அடியில் சிக்காது. ஆனால் அப்படி அடித்தால் ஒரு ஷிப்டுக்கு எழுநூறு பீஸ்தான் வரும். உமேஷ் கேட்டது ஆயிரத்து நூறு. அதனால் இடது பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். வலது கை அழுத்தும், இடது கை தகட்டை வைத்து எடுக்கும். ஆறு மிஷினிலும் இப்படித்தான். அந்தத் துண்டுக்கு அட்ஜஸ்ட் ரப்பர் என்றே பேராகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சரசுவின் இடது கையில் இரண்டு விரல் போனது. துண்டான விரலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் பக்கத்து மிஷின் வினிதா. ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை உமேஷ் வினிதாவைக் கேபினுக்குக் கூப்பிட்டான்.

“மத்தியானம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் மேடம் வராங்க. இதுல ஒரு கையெழுத்து போடு.”

சரசு யாரிடமும் சொல்லாமல் தானே பட்டனைக் கட்டிக்கொண்டாள், நான் தடுத்தும் கேட்கவில்லை என்று தாளில் இருந்தது.

“நான் எங்க சார் தடுத்தேன்? என் மிஷின்லயும்தான் கட்டிக்கினு கீது.”

“இப்போ இல்ல. நேத்தே எல்லாத்தையும் கழட்டியாச்சு, போய்ப் பாரு.”

“இப்படி எழுதினா அந்தக்காவுக்கு நஷ்டஈடு வராதே சார்.”

“பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரைக் கொடுத்திருக்கேன் வினிதா. நாலு வருஷ கான்ட்ராக்ட் போதாதா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

சாப்பாட்டு நேரத்தில் வினிதா சரசுவுக்குப் போன் போட்டாள்.

“போட்டுடுடி. உனக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்குப் போன விரலு இனிமே வரவா போவுது?” என்றாள் சரசு. “ரெண்டு கையும் இருக்கும்போதே போட்டுக்க.”

வினிதா டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோர்கீப்பர் துரைராஜ் சீட்டு இல்லாமல் ஒரு ஆணி தரமாட்டார். தேய்ந்ததைத் திருப்பிக் கொடுத்து, சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட சீட்டும் கொடுத்தால்தான் புதுசு. கிளவுஸுக்கும் அப்படித்தான், ரப்பருக்கும் அப்படித்தான்.

“அண்ணா, போன மாசம் ரப்பர் வாங்கின சீட்டு கீதா?”

“இல்லாம? சீட்டு இல்லாம எங்கப்பனுக்கே கை துடைக்கத் துணி தரமாட்டேன்.”

கம்பியில் குத்தியிருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினார். பிரஸ் லைன், அட்ஜஸ்ட் ரப்பர் ஆறு. பழசு ஆறு வரவு. கீழே உமேஷின் கையெழுத்து. ரப்பரைக் கழற்றியவனுக்கு இது ஞாபகம் வரவில்லை. அதைத் தப்பு என்று நினைத்திருந்தால்தானே ஞாபகம் வரும்.

“இது எனக்கு வேணும்ணா.”

“எடுத்துக்கோ. சீட்டு எடுத்ததுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடு.”

வினிதா பேனாவை வாங்கினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து போட்டாள்.

மூன்று மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மா வினிதா நீட்டிய சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“அட்ஜஸ்ட் ரப்பர்னா என்னம்மா?”

வினிதா தன் மிஷினுக்கு அழைத்துப்போய் இடது பட்டனைக் காட்டினாள். டியூப் உரசி உரசிச் சுற்றிலும் கறுப்பு வளையம் விழுந்திருந்தது.

“மேடம், அது கன்வேயர்ல போடற ரப்பர். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது,” என்றான் உமேஷ்.

“பழசைத் திருப்பி வாங்கினதா போட்டிருக்கே. அதெல்லாம் எங்க?” அவர் துரைராஜைப் பார்த்தார்.

துரைராஜ் உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து அவிழ்த்தார். “பதினெட்டு மாசத்துது மேடம். நூத்தியெட்டு. ஒண்ணுகூடக் கொறையாது.” அத்தனையிலும் பட்டன் அழுந்திய தடம், காசு அளவுக்கு வட்டமாக இருந்தது.

உமேஷ் கேபினுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கம்பெனிதான் பொறுப்பு என்று ரிப்போர்ட் எழுதிய அம்மா, வினிதாவிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வினிதா மிஷினுக்குத் திரும்பி இரண்டு கையாலும் அழுத்தினாள். அன்று யாருக்கும் எழுநூறைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவளைக் கம்பெனிக்கு அனுப்பியிருந்த கான்ட்ராக்டர் போன் செய்தான். “நாளையிலேர்ந்து வராத. வேற எடம் பாத்துக்கோ.”

“சரிண்ணா. வராதன்னு ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துடு.”

அவன் போனை வைத்துவிட்டான். திங்கட்கிழமை காலை வினிதா கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறினாள். ஷிப்டு மணி அடிக்கும்போது கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, உன்னை உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க,” என்றார் வாட்ச்மேன்.

“தெரியும். சீட்டு வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்.”