கண்ணாடி போட்ட வசனம்

என் வீட்டுக்காரர் அறிவழகன் எதையும் முழுசாகப் படிக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையில்கூடச் சாப்பாட்டு நேரத்தை மட்டும்தான் பார்ப்பார். அவர் தங்கை ரோசம்மாள் மறுநாள் ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை திறக்க இருந்தாள். கடை திறப்பு என்றால் எங்கள் சபையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பைபிள் வசனம் கொடுப்பது வழக்கம். இவர் போனில் தேடி, முதலில் வந்ததைக் காரிமங்கலத்தில் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். சின்னதாகத் தொடங்கினாலும் முடிவு பெரிதாகும் என்கிற, யோபு புத்தகத்து வசனம்.

மாலை ஜெபத்தில் அந்த வசனம் வரும் அதிகாரத்தையே படிப்போம் என்றேன். அவர் பழைய மொழிபெயர்ப்பை ராகம் போட்டு வாசித்தார். எனக்கு அதில் பாதி புரியாது. ஆமென் மட்டும் சத்தமாகச் சொல்வேன். மகள் அமுதவல்லி எளிய தமிழ் மொழிபெயர்ப்பில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். திடீரென்று கத்தினாள்.

“அப்பா, நிறுத்துங்க! இது கர்த்தர் சொன்னதே இல்லீங்க. புள்ளைங்கள எல்லாம் பறிகொடுத்த யோபுகிட்ட அவரு கூட்டாளி சொல்றான். உம்புள்ளைங்க பாவம் செஞ்சாங்க, அதான் செத்தாங்கன்னு!”

ரோசம்மாளின் ஒரே மகன் போன வருஷம்தான் காய்ச்சலில் போனான்.

“போன்ல கர்த்தரோட வாக்குத்தத்தம்னு போட்டிருந்துச்சே?” என்றார் இவர்.

“அதுல ஒத்தை வரிதான வரும்? மேல கீழ படிக்க வேண்டியது நாமதானுங்க!” என்று பாய்ந்தேன்.

அப்புறம் வீடே பரபரத்தது. ஓரக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி அதிகாரத்துக்கு ஓடினோம். அந்தக் கூட்டாளிகள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபித்துக்கொள்கிறார். இரண்டு மொழிபெயர்ப்பிலும் அதேதான்! இத்தனை வருஷம் கேட்ட கதை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அமுதவல்லி முன்பக்கம் புரட்டினாள்.

“அந்தக் கூட்டாளிங்க மொதல்ல ஏழு நாள் வாயத் தெறக்காம யோபுகூட உக்காந்திருக்காங்கம்மா. அது நல்லாத்தான இருந்துச்சு?”

மறுநாள் வெறுங்கையோடு முதல் பஸ் ஏறினோம்.

“வசனம் எங்கண்ணா?” என்றாள் ரோசம்மாள்.

“கொண்டாரலம்மா. மீன் கழுவ வந்திருக்கோம்.”

அவள் எங்களையே பார்த்தாள். பிறகு அடுப்புக்குப் பின்னால் கை காட்டினாள். சபையார் முன்பே கொடுத்த நாலு சட்டங்களைச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தாள். நாலிலும் அதே வசனம்.

“அந்த அதிகாரத்த நான் முழுசா படிச்சிருக்கேன் அண்ணி.”

என் தோளில் சாய்ந்து அழுதாள். நாங்கள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவளே மீன் கூடையை எங்கள் பக்கம் நகர்த்தினாள்.