எழுபத்தாறாவது பந்து

மூன்றாவது தடவையும் எழுபத்தாறுதான் வந்தது. முதல் தடவை வெறும் கண்ணால் எண்ணினேன். இரண்டாவது தடவை நோட்டில் ஐந்தைந்தாகக் கோடு போட்டேன். மூன்றாவது தடவை வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பந்து சுவரின் சிவப்புக் கோட்டைத் தொடும் நொடியை ஒவ்வொன்றாக எக்செலில் ஏற்றினேன். எழுபத்தாறு வரிகள். ஒரு பந்துகூடக் கோட்டுக்குக் கீழே படவில்லை.

புதன்கிழமை மாலை வகுப்பு அது. மன்னார்குடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடி. பகலில் அரிசி ஆலையில் பில் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு இங்கே வந்து தரவு அலசக் கற்றுக்கொள்கிறேன். அப்சர் சார், "நெட்ல கெடைக்கிற லிஸ்ட எடுத்துட்டு வராதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள், தெரிஞ்ச விஷயம், அதுல ஒரு கேள்வி, அதுக்கு ஒரு பதில்" என்று சொல்லியிருந்தார். நான் எங்கள் தெரு ஷோபனாக்காவின் பந்தயத்தை எடுத்திருந்தேன். கேள்வி அக்கா கொடுத்ததுதான். "அந்த ஆறு செகண்ட எங்கடி விட்டேன்? நீதான் படிக்கிறியே, கண்டுபிடிச்சுக் குடு."

பந்தயம் போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில், புது ஆற்றங்கரையை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும்; வந்தவுடன் ஒரு பளு வேலை செய்ய வேண்டும்; மறுபடியும் ஒரு கிலோமீட்டர், மறுபடியும் ஒரு வேலை. இப்படி எட்டு ஓட்டம், எட்டு வேலை. எடை ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளுவது, அதையே கயிறு கட்டி இழுப்பது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தரையில் பட நடப்பது. கடைசி வேலை பந்து. நான்கு கிலோ பந்தை மார்போடு பிடித்து, குந்தி எழுந்து, தலைக்கு மேலே சுவரில் இருக்கும் கோட்டில் படும்படி எறிய வேண்டும். எழுபத்தைந்து தடவை. அது முடிந்தால் பத்தடியில் முடிவுக்கோடு.

பெண்களில் முதல் இரண்டு பேருக்குச் சென்னை இறுதிப் போட்டியில் இடம். அக்கா மூன்றாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த நாகப்பட்டினத்து சுவேதாவுக்கும் அவளுக்கும் ஆறு நொடி. மன்னார்குடியில் பெண்களுக்கென்று புதிதாக ஒரு ஜிம் திறக்கப் போகிறார்கள். அதன் உரிமையாளர், "சென்னை வரைக்கும் போன பொண்ணுன்னு போர்டுல போடணும்மா. போயிட்டு வா, பயிற்சியாளர் வேலை உனக்குத்தான்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். ஒன்பது வருடமாக ஜவுளிக்கடையில் காலை பத்திலிருந்து இரவு ஒன்பதுவரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவள் அவள். அங்கே உட்கார நாற்காலி கிடையாது.

அந்தப் பந்துச் சுவரில் எண்ணியது நான்.

அக்காவுக்குத் துணையாகத்தான் போயிருந்தேன். ஆள் பற்றவில்லை என்று மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "பந்து கோட்டுல படுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, நான் எண்ணிக்கிறேன்" என்றார். அவர் கையில் கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும் சின்னக் கருவி இருந்தது. நான்கு பேருக்கு அப்படி நடந்தது. பிறகு அவரை எங்கேயோ கூப்பிட்டார்கள். கருவியை என் கையில் வைத்துவிட்டு ஓடினார். அந்த நேரத்தில் அக்கா வந்தாள். பக்கத்தில் இரண்டு சுவர் காலியாக இருந்தது. என்னைப் பார்த்து என் சுவருக்கு வந்தாள்.

வீடியோவை அக்காவின் சித்தி மகன் ஹரிஷ் எடுத்திருந்தான். ஒலியைக் கூட்டினால் என் குரல் கேட்கிறது. முதல் பந்து சுவரில் பட்டதும் நான், "லாபம்" என்கிறேன். இரண்டாவது பந்துக்கு, "ரெண்டு" என்கிறேன். அப்போதுதான் கட்டைவிரல் முதல்முறையாக அசைகிறது.

எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு. தை மாத அறுவடையில் அப்பா கூலி நெல் அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் கரியால் கோடு போடுவது ஆறு வயதிலிருந்து என் வேலை. எங்கள் வீட்டு வழக்கத்தில் லாபத்துக்குக் கோடு கிடையாது. ரெண்டிலிருந்துதான் கோடு. கடைசியில் கோடுகளை எண்ணி, ஒன்று சேர்த்துக்கொள்வோம். பதினேழு வருடம் கோடு போட்ட கை, தஞ்சாவூரில் பதற்றத்தில் தன் வழக்கத்தைத்தான் செய்திருக்கிறது. சேர்த்துக்கொள்ள வேண்டிய அந்த ஒன்றை நான் சேர்க்கவில்லை.

இருபதுக்கு மேல் வாயால் எண்ணுவதை விட்டுவிட்டேன். கருவி இருக்கிறதே என்ற தைரியம். கடைசியில் அக்கா, "எழுபத்தஞ்சு" என்று சொல்லிக் கைகளைத் தொங்கவிட்டுக் குனிகிறாள். பந்து உருண்டு போகிறது. நான் கருவியைப் பார்க்கிறேன். "எழுபத்தி நாலுதான்கா. இன்னும் ஒண்ணு." அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தள்ளாடிப் போய்ப் பந்தை எடுத்து வந்து, குந்தி, எழ முடியாமல் எழுந்து, எறிகிறாள். அவள் குனிந்ததிலிருந்து கடைசிப் பந்து சுவரில் படும்வரை பதினோரு நொடி.

பதினொன்றில் ஆறு போனால் ஐந்து. ஐந்து நொடி முன்னால் அவள் இரண்டாவதாக வந்திருப்பாள்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை நான் எழுதவில்லை. அன்று வகுப்பில் உட்கார்ந்து வேறு பதில் தேடினேன். தேடினால் கிடைக்காத பதில் இல்லை. அக்காவின் நான்காவது ஓட்டம் மூன்றாவதைவிட இருபத்திரண்டு நொடி அதிகம். கயிறு இழுத்த பிறகு ஒன்பது நொடி தண்ணீர் குடித்திருக்கிறாள். இரண்டையும் சிவப்பில் காட்டி வரைபடம் போட்டேன். "நான்காவது ஓட்டத்தில் வேகம் குறைவதே முக்கியக் காரணம்" என்று எழுதி, வியாழக்கிழமை அக்காவுக்கு அனுப்பினேன். அதில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. அப்சர் சார் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு மேகலா. ஒரு ஓட்டை இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, எழுதாமல் விட்ட பதிலை டைரியில் எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

சனிக்கிழமை ஆலையில் அறுவடை நெல் வரத்து அதிகம் என்று ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்சுவர்தான் அக்கா பந்து எறிந்து பழகும் இடம். முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தவள் நான்தான். வெள்ளையடித்த சுவரில் பந்து பட்டுப் பட்டு, தலைக்கு மேலே பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். நான் போனபோது அக்கா வாய்க்கால் கரையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள்.

லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த துரைராசு அண்ணன், "ஏம்மா ஷோபனா, நாங்க மூட்டை தூக்குனா கூலி தர்றாங்க. நீ காசு கட்டிப் போய்த் தூக்குற. வெளங்குமா இது?" என்றார்.

"நீங்களும் வாங்கண்ணே, மெடல் தருவாங்க."

"மெடல வச்சு டீ குடிக்க முடியுமா?"

அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றாள். "நீ சொன்னது சரிதான்டி. நாலாவதுலதான் விழுறேன். ரெண்டு நாளா நாலாவதயே ரெண்டு தரம் ஓடுறேன். அஞ்சு செகண்ட் கொறஞ்சிருக்கு."

"முட்டி என்னக்கா ஆச்சு?"

"லேசா வீக்கம். அது கெடக்கு. அடுத்த வருசத்துக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு. ஜிம்முக்கு வேற ஆள் பாத்துட்டாங்களாம், அது போவட்டும்." பந்தை எடுத்துத் துடைத்தாள். "எழுபத்தஞ்சுன்னு நெனச்சு நின்னேன் பாரு, எண்ணக்கூடத் தெரியாத கழுத. நீ மட்டும் அங்க இல்லன்னா கொறச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். பேரே கெட்டிருக்கும்."

நான் பில் போட வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். அன்று மூன்று பில்லைத் தவறாகப் போட்டேன்.

முறையீடு இருந்தால் ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பந்தய விதியில் இருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணி கடைசி. வீடியோவும், எண்ணியவரின் கையெழுத்தும் வேண்டும். ஞாயிறு காலை வாசலில் அப்பா கூலி நெல் அளக்க உட்கார்ந்தார். "லாபம்" என்று முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டினார். நான் சுவரில் ஒரு கோடு போட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஏன்மா போடுற? என்னைக்கு இல்லாத பழக்கம்."

"போட்டா என்னப்பா?"

"போட்டுட்டு அப்புறம் ஒண்ணு கூட்டிக்காத. ஆளுக்கு ஒண்ணு கொறஞ்சிடும்."

அளந்து முடித்ததும் உள்ளே போய்க் கடிதத்தை எழுதினேன். நான்கு வரிதான். எண்ணியது நான், எண்ணிக்கை தவறியது என்னால், பந்துகள் எழுபத்தாறு, அதனால் போன நேரம் பதினோரு நொடி. கையெழுத்துப் போட்டேன்.

ஆலைக்கு விடுமுறை. கிட்டங்கிக்குப் பின்னால் அக்கா மட்டும் இருந்தாள். நான் போனை நீட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தாள். என் குரல் லாபம் என்றபோது கொஞ்சம் சிரித்தாள். பிறகு நான் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது. கடைசிப் பதினோரு நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"வியாழக்கிழமதான நாலாவது ஓட்டம்னு அனுப்புன."

"அதுவும் உண்மைதான்கா."

"உண்மைதான்" என்றாள். கை தானாகப் போய் முழங்கால் பட்டையைத் தொட்டது. நான் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். மறுபடியும் பிரித்துப் படித்தாள்.

"அந்த சுவேதாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதோட அப்பா படகுல வேலை பாக்குறாரு. போட்டி முடிஞ்சு என்னக் கட்டிப்புடிச்சு அழுதுச்சு, தெரியுமா?" என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, சண்ட போட்டுட்டு நேரா அனுப்பியிருப்பேன். இப்ப மூணு நாளா என்னயே திட்டிக்கிட்டு ஓடிட்டு வந்து நிக்கிறேன். இப்பக் குடுக்குற."

மன்னிப்பு என்ற சொல்லை வரும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே அது எனக்கு மட்டும் வசதியான சொல்லாகப் பட்டது.

மணல் மூட்டையின் ஓரத்தைத் தூக்கிக் கடிதத்தை அதன் அடியில் வைத்தாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் அடித்தது. பந்தை எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"எண்ணு."

"முட்டி வீங்கியிருக்குக்கா."

"எண்ணுன்னேன்."

பந்து பழுப்பு வட்டத்தில் பட்டது. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. "ஒண்ணு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னேன். முப்பதுக்கு மேல் அவள் மூச்சு சத்தமானது. ஐம்பதில் வலது காலை ஊன்றாமல் எழுந்தாள். அறுபதில் நிறுத்தச் சொல்ல வாயெடுத்து, எண்ணை விட்டுவிடுவோமோ என்று பயந்து, எண்ணையே சொன்னேன்.

"எழுபத்தஞ்சு. ஆயிடுச்சுக்கா. போதும்."

சுவரிலிருந்து திரும்பி வந்த பந்தை அவள் மார்போடு பிடித்தாள். கீழே போடவில்லை. மூட்டைக்கு அடியில் காகிதம் படபடத்துக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குந்தினாள். பந்து கையை விட்டு மேலே போனது.