கயிற்றில் கை வைத்தவர்கள்

கரைவலையின் வடக்குக் கயிற்றில் முதல் ஆள் தம்பிமுத்து. தெற்குக் கயிற்றில் முதல் ஆள் நிஸார். வலை தூரத்தில் அரைவட்டமாகக் கடலில் கிடக்க, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். ஒரு கயிறு முந்தி மற்றது பிந்தினால் வலை கோணி மீனெல்லாம் ஓடிவிடும். ஆதலால் முதல் ஆட்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியேதான் பின்னால் அடி வைக்க வேண்டும். நாட்டில் சண்டை நடந்த காலத்திலும், அது முடிந்த பிறகும், இவர்கள் இருவரும் அப்படிப் பார்த்தே இழுத்தவர்கள். இப்போது சில வாரமாகத் தம்பிமுத்து நிஸாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்தே இழுக்கிறான். வலை கோணத்தான் செய்தது.

காரணம், நிஸாருக்குப் பின்னால் நின்ற ஐந்து பேர். இந்தத் தொழில்காலம் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, உடைந்த படகொன்றில் வந்து கரை தட்டியவர்கள் அவர்கள். எந்த நாடென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சிலர் வங்காளம் என்றார்கள், சிலர் பர்மா என்றார்கள். அவர்கள் பேசிய பாஷையில் ஊருக்குப் புரிந்தது ஸலாம் ஒன்றுதான். அன்று வலை கடலில் கிடந்தது. வந்தவர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். வலை கரையேறும் முன் கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். பஸ்ஸுக்கு நிற்கிறவன் வந்து பிடித்தாலும் சரி, பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு வந்தவன் பிடித்தாலும் சரி. வலை கடலில் கிடக்கும்போது நீ யார் என்று கேட்கவும் கூடாது. தம்பிமுத்துதான் அன்று அவர்களுக்கு மீன் அள்ளிக் கொடுத்தான். கொஞ்சம் கூடவே கொடுத்தான். அவர்களில் முன்பல் விழுந்த ஒருவன் அந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுததைப் பார்த்து, தானும் மூக்கைச் சிந்திக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தால் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் வலைக்குச் சொந்தக்காரரான அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டிக்கு மூளை வேறு பக்கம் வேலை செய்தது. ஊர் ஆளென்றால் பங்கு கொடுக்க வேண்டும். இவர்களுக்குச் சோறு போட்டால் போதும். இவர்கள் பொலிசுக்குப் போகமாட்டார்கள், சங்கம் கூட்டமாட்டார்கள், காய்ச்சலென்று படுக்கவும் மாட்டார்கள். கடற்கரையில் இருந்த தன் ஓலை வாடியில் ஒரு மூலையைக் காட்டி அங்கே படுக்கச் சொன்னார். அடுத்த கிழமையே தெற்குக் கயிற்றில் ஊர் ஆட்கள் ஐந்து பேருக்கு வேலை இல்லை என்றார். அதில் முதல் பேர் கிரிசாந்த், தம்பிமுத்துவின் மருமகன். மகள் மயூரதி அப்போது நிறைமாதம்.

தம்பிமுத்து நியாயமாகத்தான் தொடங்கினான். சம்மாட்டியிடம் போய்க் கேட்டான். சம்மாட்டி பல்லுக் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, பல்லுக் குத்திக்கொண்டே உள்ளே போய்விட்டார். பொலிசில் சொன்னான். பார்ப்போம் என்றார்கள். கடைசியில் நிஸாரின் வீட்டுக்குப் போனான். நிஸாரின் மனைவி ஸாஜிதா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"நீயும் நானும் சேர்ந்து நிண்டா சம்மாட்டி கேப்பார், நிஸார். பாவம்தான் அவங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா களவா வந்தவன வெச்சு எங்கட வயித்தில அடிக்கிறது சரியா?"

தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரனோடு இந்தக் கரைக்கு வந்தவன் நிஸார். இதே கயிற்றில்தான் முதலில் கை வைத்தான். அன்று அவனுக்கு இடம் விட்டுக் கொடுத்ததும் தம்பிமுத்துதான்.

"அண்ணே, அண்டைக்கு என்னையும் வந்தான் வரத்தான் எண்டுதானே சொன்னாங்க."

"நீ மன்னாரால வந்தனி. இந்த நாட்டுக்காரன். இவங்க சட்டமில்லாமக் கடலால வந்தவங்க. ரெண்டும் ஒண்டா?"

"ஒண்டில்லதான்."

"பிறகென்ன?"

"அவங்க தொழுறவங்களா இல்லாட்டி இவ்வளவு கத்துவீங்களாண்ணே? இது இனவாதம்."

தம்பிமுத்துவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சண்டைக் காலத்தில் சிலாபத்து பஸ் நிலையத்தில் ஆமிக்காரர் அவனை முழங்காலில் இருத்தி, களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணி என்று சொல்லிச் சொல்லிச் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். நாலு தலைமுறையாக இந்தக் கடலில் உப்புக் குடித்தவனை! இனவாதம் என்றால் என்னவென்று அவனுக்கு முதுகெலும்பே சொல்லும். இனவாதி என்ற பெயரை வேறு யார் வைத்திருந்தாலும் துப்பிவிட்டுப் போயிருப்பான். நிஸார் வைத்ததுதான் வலித்தது. தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தான்.

அந்தக் கோபத்தில்தான் தம்பிமுத்து, கிரிசாந்த் பக்கத்து ஊரான முந்தலில் கூட்டிய கூட்டத்துக்குப் போனான். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். "இனவாதி எண்டா இனவாதி எண்டே சொல்லுங்க! எங்கட கயிறு எங்களுக்கு!" என்று கத்தினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாரோ அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். வீட்டில் அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை அவன் மனைவி தவமலர் கண்டாள்.

"கைதட்டினதில அரைவாசிப் பேர் பிறந்ததிலயிருந்து கயிறு பிடிச்சவங்களே இல்ல" என்றாள். "அவங்களுக்கு என்னத்துக்குங்க கயிறு?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

இன்று காலை வலை பாதி தூரம் வந்திருந்தபோது தென்னந்தோப்பு வழியாக இரண்டு லொறிகள் வந்து நின்றன. இறங்கியவர்களின் கைகளில் பொல்லும் இரும்புக் கம்பியும் சைக்கிள் செயினும் இருந்தன. முன்னால் கிரிசாந்த். ஒருவன், தம்பிமுத்து கூட்டத்தில் பேசியதைப் போனில் சத்தமாகப் போட்டிருந்தான். எங்கட கயிறு எங்களுக்கு என்று தன் குரலே தன்னை நோக்கி வருவதைத் தம்பிமுத்து கேட்டான்.

முதல் அடி முன்பல் விழுந்தவனுக்கு. அவன் கயிற்றை விடாமல் நின்றதுதான் காரணம். பொல்லு அவன் காதின் மேல் விழுந்தது. அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனை இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். அவன் மணலில் கவிழ்ந்து அசையாமல் போன பிறகும் ஒருவன் அடித்துக்கொண்டே இருந்தான். வாடிக்கு நெருப்பு வைத்தார்கள். காய்ந்த ஓலை ஒரு மூச்சில் பற்றிக்கொண்டது. "கள்ளத்தோணி! கள்ளத்தோணியள அடி!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார்கள். அந்தச் சொல்லைத் தன் சொந்தச் சனத்தின் வாயில் கேட்டபோது தம்பிமுத்துவின் முதுகு தானாகவே வளைந்தது.

முந்தலிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கரையின் முகங்கள் தெரியாது. கயிறு இழுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கோலம்: நனைந்த சாரன், கறுத்த வெற்று மேல், உடம்பெல்லாம் மணல். "ஐடென்ரி! ஐடென்ரிய எடு!" என்று ஒவ்வொருவனாகப் பிடித்து உலுக்கினார்கள். கயிறு பிடிக்க வருகிறவன் எவனும் அடையாள அட்டையைக் கொண்டுவருவதில்லை. கடல் தண்ணீரில் ஊறிப் போகும் என்று எல்லாரும் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். வடக்குக் கயிற்று ஆட்கள் தோப்புக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். நிஸார் ஓடவில்லை. தாடியோடு நின்ற அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான். கம்பி அவன் நெற்றியில் இறங்கியது.

"டேய், அவன் நிஸாரடா!" என்று தம்பிமுத்து ஓடினான். குறுக்கே ஒருவன் வந்து அவன் கழுத்தைப் பிடித்தான். முந்தல் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்து கைதட்டியவன்தான். தம்பிமுத்துவுக்கு அந்த முகம் நன்றாக நினைவிருந்தது. அவனுக்குத் தம்பிமுத்துவை நினைவில்லை.

"உன்ர ஐடென்ரி எங்க?"

பொல்லு தோளில் விழுந்தது. கை விறைத்துப் போயிற்று. அடுத்தது தலைக்கு ஓங்கியபோது கிரிசாந்த் பாய்ந்து வந்து தடுத்தான்.

"விடு, விடு! அது என்ர மாமா! எங்கட ஆள்!"

தம்பிமுத்து மருமகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "அவனும் எங்கட ஆளெண்டு சொல்லடா. சொல்லடா, கிரிசாந்த்!"

பெருநாளுக்குப் பெருநாள் நிஸாரின் வீட்டில் வட்டிலப்பம் தின்ற பிள்ளை கிரிசாந்த். கலியாணப் பந்தலுக்குக் கால் நட்டதும் நிஸார்தான். கிரிசாந்த் நிஸாரைப் பார்த்தான். பிறகு மாமனின் கையை மெதுவாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். தம்பிமுத்துவுக்கு அவன் மேல் வந்த வெறுப்பு, சம்மாட்டி மேல்கூட அவனுக்கு வந்ததில்லை.

மற்ற நாலு பேரும் அதற்குள் கடலில் இறங்கிவிட்டார்கள். கரை முழுக்கப் பொல்லுகள். அவர்களுக்கு வேறு வழியில்லை. அலை தாண்டி, ஆழம் தாண்டி, வலையின் மிதப்புகள் வரை நீந்திப் போய் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கரையில் கயிறு பிடிக்க ஆளில்லாததால் நீரோட்டம் வலையை வெளியே இழுக்கத் தொடங்கியிருந்தது. வடக்குக் கயிறு மணலில் ஓடிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தம்பிமுத்து விழுந்தெழும்பி அதன் கடைசி முழங்களைப் பிடித்தான். விறைத்த கையால் முடியவில்லை. இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிக்காலை மணலில் புதைத்து நின்றான். கயிறு இடுப்பை அறுத்தது.

கூட்டத்துக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு கிளம்பியது. தண்ணீரோரமாக வந்து வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"இழுங்க மாமா!" என்று கிரிசாந்தின் குரல் கேட்டது. "வலையோட வருவாங்க!"

இழுத்தால் அந்த நாலு தலையும் இந்தப் பொல்லுகளுக்கு வரும். விட்டால் வலை சுருண்டு அவர்களையும் சுருட்டிக்கொண்டு போகும். இவர்கள் இந்தக் கரையில் இருக்கக்கூடாது என்று சொன்னவன் அவன்தான். இப்போதும் கேட்டால் அதையேதான் சொல்வான். ஆனால் வலை கடலில் கிடக்கிறது. மகாமாரி அம்மா, மகாமாரி அம்மா என்று அவன் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது.

தெற்குக் கயிறு இன்னும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் இவன் ஒருவன் பிடித்து ஒன்றும் ஆகாது. அங்கே மணலில் கிடந்த உருவம் ஒன்று முழங்காலால் நகர்ந்தது. நிஸார். நெற்றிப் பிளவிலிருந்து வழிந்த இரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கையை வீசிக் கயிற்றைப் பிடித்தான். அது அவனையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. பிறகு நின்றது.

தம்பிமுத்து நிமிர்ந்து அவனைப் பார்த்தான். நிஸாரும் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் இவனைப் பார்த்தான். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பிறகு இருவரும் ஒன்றாக ஓர் அடி பின்னால் வைப்பார்கள்.

இருவரும் அடி வைக்கவில்லை, கயிற்றை விடவும் இல்லை. இரண்டு கயிறுகளும் விறைத்து நீர் சொட்டின. நடுவில் பொல்லுகளோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள். தூரத்தில் மிதப்புகளுக்கிடையே நாலு தலைகள் எழுந்தும் தாழ்ந்தும், கரையையே பார்த்துக்கொண்டிருந்தன.