போணி ஆகாத காலை

எங்கள் வீதியில் வண்டி நுழையாது. இரண்டு முனையிலும் வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன கல்தூண்கள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டியை விட்டு இறங்கி, கடைக்காரர்களின் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டே நடந்துதான் ஆக வேண்டும். வேகமாகத் தப்பிப் போக முடியாதவரைவிட நல்ல வாடிக்கை ஏது?

வீதிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் தன் கடையில் முதல் வியாபாரம், அதாவது போணி, ஆகிவிட்டால், போணி ஆகாத பக்கத்துக் கடைக்கு அடுத்த ஆளை அனுப்பிவிட வேண்டும். கழுத்தறுப்பெல்லாம் அதற்குப் பிறகு. அஞ்சலாட்சி கடைக்கு மட்டும் யாரும் ஆள் அனுப்புவதில்லை. புருஷன் செத்த பின் அவனுடைய நூல், பொத்தான் கடையை அவள்தான் நடத்தினாள். தாலியறுத்தவள் கையில் போணி போனால் நாள் விளங்காதாம். சாயங்காலம் அவளிடம் சில்லறை மாற்றுவதற்கு மட்டும் எவருக்கும் தோஷமில்லை.

அடுத்த கடை கிருஷ்ணசாமியுடையது. கல்யாண உடுப்புக்கான பிரான்சு லேஸ் விற்பான். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷத்தில் கப்பல் சரக்கும் நின்றது, அதை வாங்க ரயிலேறி வந்த கூட்டமும் நின்றது. மிச்சம் ஒரு பெட்டி லேஸ். அது நல்ல விலைக்குப் போனால் மில் துணி வாங்கிப் போட்டுப் பிழைக்கலாம். போகாவிட்டால், ஆடியில் கடை மதராஸ் அலுமினியப் பாத்திரக்காரருக்கு என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அன்று காலை வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள் அவன் கடை ஏறினாள். நெற்றி வெறுமை, கழுத்தும் வெறுமை.

"பொண்ணு கல்யாணத்துக்கு லேஸ் வேணும். நெறைய வேணும்."

கிருஷ்ணசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னும் போணி ஆகலம்மா. மத்தியானத்துக்கு மேல வாங்க."

"மத்தியானம் ரயிலு. காரைக்கால்ல கல்யாணம்."

"அதுக்கு நான் என்னா பண்றது?"

அவள் பக்கத்தில் அஞ்சலாட்சி கடைக்குப் போய் வெள்ளை நூல் வாங்கினாள். புருஷன் போன பிறகு அந்தக் கடையில் காலை வேளையில் ஆன முதல் போணி அது. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அஞ்சலாட்சி, லேஸ் சங்கதியைக் கேட்டதும் அந்த அம்மாளைக் கையோடு கூட்டிவந்தாள்.

"கிருஷ்ணசாமிண்ணே, எனக்குப் போணி ஆயிடுச்சி. ஒனக்கு ஆகலன்னு கூட்டியாந்தேன்."

"ஒண்ணுக்கு ரெண்டா வருதே!" கிருஷ்ணசாமி கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினான். "ஏம்மா, ஒன் கடை தூங்குறது பத்தாதா? ஏங் கடையும் தூங்கணுமா?"

"வீதி வழக்கத்தத்தாண்ணே செஞ்சேன்."

"அந்த வழக்கம் எங்களுக்கு. ஒனக்கில்ல."

கடைசிப் பலகையும் விழுந்தது. அந்த அம்மாள் கல்தூண் பக்கம் நடந்தாள். அங்கே புஸ்புஸ் வண்டியில், இந்தோசீனா சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த பிரெஞ்சு ராணுவச் சொல்தா ஒருவர், முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மரி, லேஸ் கெடச்சிதா?" பட்டாளத்துத் தொண்டை. வீதி முழுக்கக் கேட்டது.

"என்னப் பாத்ததும் மத்தியானத்துக்கு மேல வரச் சொன்னான், அப்புறம் கடையவே மூடிட்டான். கையில மோதிரத்தப் பாக்காம, தாலியறுத்தவளுன்னு நெனச்சிட்டான் போலருக்கு."

பலகைகள் தடதடவென்று கழன்றன. கிருஷ்ணசாமி லேஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான்.

"மிசியே! மதாம்! தெரியாம நடந்துபோச்சி. பாதி வெலைக்கே எடுத்துக்குங்க!"

சொல்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் செத்தப்புறம் வந்து வாங்கிக்கச் சொல்றேன். மத்தியானத்துக்கு மேலயே வருவா."

வண்டி நகர்ந்தது.

அந்த லேஸை, ஆடி பிறக்கும் முன் ஒரு நாள், கோயில் தெருவில் சவப்பெட்டி செய்கிற ஆசாரி உள்பக்கம் ஒட்டுவதற்கென்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் முதல் ஆளாக வந்தார். கிருஷ்ணசாமி அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மில் துணி வாங்க அது போதவில்லை.

சாவியை வாங்கிக்கொள்ள அலுமினியக்காரர் வந்தபோது, கிருஷ்ணசாமி வீதி வழக்கங்களையெல்லாம் பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திப் பக்கத்துக் கடையைக் காட்டினான்.

"அங்க மட்டும் ஆள் அனுப்பாதீங்க. அந்தம்மா வந்தா பேச்சு குடுக்காதீங்க. நான் கெட்டதே அவளாலதான்."

அலுமினியக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.