கை வைத்த நாற்காலி

அரசாங்க அலுவலகங்களுக்கு உள்ளலங்காரம் செய்யும் பிரிவில் வடிவமைப்பாளர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். எந்நேரமும் அளவு டேப்பும் கையுமாக அலைவதால் எல்லோரும் அவளை அளவுக்காரி என்றே கூப்பிட்டார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கேட்டால் மேலதிகாரியின் மனைவிக்குப் பிடித்த வண்ணத்தைப் பதிலாகச் சொல்கிற இடத்தில் வேலை பார்ப்பவள் சாந்தமாக இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் படி தர வேண்டும்.

ஓய்வூதிய அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தபோது, அவள் வரைபடத்தைத் தொடுவதற்கு முன்னால் சில நாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்தாள். வயதானவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒருவர் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார், அது அவரோடு சேர்ந்து பின்னால் வந்தது. இன்னொருவர் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி எக்கி எக்கிப் பார்த்தார். ஒரு அம்மாள் முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து எழுந்துவிட்டு, தப்பா நினைச்சுக்காதீங்க என்றாள். இவர்கள் எழுவதற்குள் டோக்கன் எண் தாண்டிப் போய்விடும். தாண்டினால் இன்னொரு நாள்தான் வர வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று கவுன்ட்டரில் முகத்தைக் காட்டும் வரை ஓய்வூதியம் வராது. அத்தனை பேரும் அங்கே கண்ணெதிரில் மூச்சு வாங்கிக்கொண்டு உயிரோடுதான் இருந்தார்கள்.

ஆகவே கை வைத்த நாற்காலி என்று முடிவு செய்தாள். கனமான மரம், நகராத கால், ஊன்றி எழ வாகாக முன்னால் கொஞ்சம் நீண்ட கைப்பிடி. இதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். பிளாஸ்டிக் செடி வேண்டும் என்றார்கள், சரி என்றாள். அந்த அலுவலக இயக்குநரின் அறைக்குத் தங்க நிறத்தில் திரைச்சீலை என்றார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சரி என்றாள்.

நாற்காலிகள் வந்து இறங்கிய அன்றே இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். கனத்த உடம்பு, இனிப்பான பேச்சு. திட்டும்போதுகூட உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் திட்டுவார்.

"கிளார்க்குங்க எல்லாம் கொதிச்சுப் போயிருக்காங்கம்மா. அவங்களுக்கே கை இல்லாத நாற்காலிதான். பிரிவுத் தலைவர் ஆனாத்தான் கை. விதி உனக்குத் தெரியாததா?"

"அப்ப கிளார்க்குங்களுக்கும் கை வெச்சுக் குடுத்திருங்க சார்."

"குடுத்துட்டா பிரிவுத் தலைவர் என்ன கேப்பாரு? உயர முதுகு கேப்பாரு. அது துணை இயக்குநர் கிரேடு. துணை இயக்குநர் சக்கரம் கேப்பாரு. அப்புறம் நான் எங்கம்மா போறது?"

சொல்லிவிட்டுத் தன் சக்கரம் வைத்த நாற்காலியில் அரைவட்டம் சுழன்று ஜன்னலைப் பார்த்தார். அந்த மனிதர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"கையை எடுத்துட்டு மாத்தி வரைஞ்சு கையெழுத்துப் போட்டுக் குடு."

"போட மாட்டேன் சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தாள். அவளோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரும் அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து பிரிவுத் தலைவராக ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் போய்விட்டது. வீட்டில் அவருக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு, அதைவிட்டால் வேறு எதிலிருந்தும் தானாக எழ முடியாது. அவராவது தன் பக்கம் பேசுவார் என்று நினைத்தாள்.

"அவர் சொல்றதுல என்ன தப்பு?" என்றார் அப்பா. "வர்றவன் போறவனுக்கெல்லாம் கை வெச்ச நாற்காலியா? தலை நரைச்சப்புறம்தான் எனக்கு அது கிடைச்சுது பாப்பா. ஞாயித்துக்கிழமை உன்னையும் உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப நீங்களும் வர்றவன் போறவன்தான்பா."

அவர் தன் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார்.

திறப்பு நாளும் அப்பா கவுன்ட்டரில் முகம் காட்ட வேண்டிய நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் இரண்டு நாள் விடுமுறை. அளவுக்காரி அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்து அப்படியே நின்றாள்.

நாற்காலிகள் வரிசை மாறாமல் இருந்தன. கைகளைக் காணோம். விடுமுறையில் ஆள் விட்டு ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷும் பூசியிருக்கிறார்கள். நாலு பக்கமும் மொட்டை மொட்டையாகக் குச்சிகள் பளபளத்தன. வெட்டியதையாவது வெட்டியது தெரிகிற மாதிரி விட்டிருக்கலாம். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபத்தில் காது அடைத்தது.

அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சரியாகச் சொன்னால் விழுந்தார். இயக்குநர் கூடத்தின் நடுவில் நின்று, வந்தவர்களிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவருடைய கைகள் பழக்கத்தில் இரண்டு பக்கமும் துழாவின. உள்ளங்கையில் அந்த மொட்டைக் குச்சிகள் தட்டுப்பட்டன. அவற்றை அழுத்தி எக்கினார், வார்னிஷ் வழுக்கிவிட்டது. அவள் குனிந்து கையை நீட்டினாள்.

"தள்ளிப் போ பாப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. வரிசையில் இருந்தவர்கள் வேறெங்கோ பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் எண் வரும்போது தங்களுக்கும் இதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது முறையும் போய்விட்டால் இன்றைக்கு அவ்வளவுதான்.

அளவுக்காரி விடுவிடென்று இயக்குநர் அறைக்குள் போனாள். தங்க நிறத் திரைச்சீலையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்த உயர முதுகு வைத்த, கை வைத்த, சக்கரம் வைத்த நாற்காலியைப் பிடித்து வெளியே உருட்டிக்கொண்டு வந்தாள். அவளே பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. ஒரு சத்தம் இல்லாமல் உருண்டது.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது டைரக்டரோடது. கொண்டு போய் வெச்சிரு. இதுல உக்கார்ற தகுதி எனக்குக் கிடையாது."

அந்த நிமிஷம் இயக்குநர் மேல் இருந்ததைவிட அப்பா மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. ஒரு மனிதனை இப்படி ஆக்க எத்தனை வருஷம் கை இல்லாத நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது.

"உங்கள யாரு உக்காரச் சொன்னது? புடிச்சு எழுந்திரிங்க."

அவர் பிடித்தார். சக்கரம் வைத்ததாயிற்றே, நழுவி ஓடியது. அவர் தொப்பென்று பழைய இடத்திலேயே விழுந்தார். யாரோ ஒரு கிளார்க் சிரித்துவிட்டான்.

அளவுக்காரி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் நிறுத்தினாள். தானே அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இப்பப் புடிங்க."

மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். அப்பா இரண்டு கைப்பிடியையும் இறுகப் பற்றினார். அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. கண் கலங்கியிருந்தது. அப்படியே மேலே எழுந்தார். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று கவுன்ட்டருக்கு நடந்தார்.

பின்னாலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டாள். "இங்கயும் கொஞ்சம் வர்றியாம்மா? அடுத்தது என் நம்பரு."

அவள் காலால் உந்தி அங்கே போனாள். அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். முகத்தில் இனிப்பு இல்லை.

"எந்திரி. வேலை போயிடும், தெரியுமில்ல?"

"ஆர்டர் போடுங்க சார். நான் எந்திரிச்சா இவங்க எந்திரிக்க முடியாது."

அந்த அம்மாள் அதற்குள் கைப்பிடியைப் பற்றி எழுந்தே விட்டாள். இன்னொருவர் கையைத் தூக்கினார். இயக்குநர் மேலிடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். காதில் தொலைபேசியோடு, தன் நினைவில்லாமல், அப்பா எழுந்துபோன நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்பா வேலை முடிந்து திரும்பி வந்தார். மகள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் உருண்டுகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலால உதைக்காதே. தரை கீறும்," என்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த முதுகு அவருக்கும் பிடிமானமாக இருந்தது. பிறகு, பிரிவுத் தலைவராக இருந்த காலத்துக் குரலில், "அடுத்த நம்பர் யாரு? வரிசையா சொல்லுங்க," என்றார். சொன்னார்கள். அவர் தள்ளிக்கொண்டு போனார்.

இயக்குநரின் தொலைபேசிப் பேச்சு முடிந்தது. எழப் பார்த்தார். அந்தக் கனத்த உடம்பு முன்னால் சாய்ந்து பின்னால் போயிற்று. கை இரண்டு பக்கமும் துழாவியது. மொட்டைக் குச்சியைப் பிடித்தார், வழுக்கியது. இன்னொரு தடவை எக்கினார். கிளார்க்குகள் எல்லோரும் திடீரென்று கோப்புகளில் மூழ்கிவிட்டார்கள். கடைசியில் அவர் அளவுக்காரியைப் பார்த்து, இங்கே வா என்பதுபோல் கையை ஆட்டினார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த அப்பா நின்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க டோக்கன் நம்பர் என்ன சார்?"